கம்மாலையில் பிறந்த ஈலியம்

பழுக்கக் காய்ந்த இரும்பில் வெண்காரத்தைத் தூவினால் அது சிர்ரென்று உருகும். அந்தச் சத்தம் கேட்டால் மட்டக்களப்பு வாவிக்கரையில் என் பப்பா வைத்திருந்த 'கம்மாலை' என்ற கொல்லுப்பட்டறை முதலில் ஞாபகத்துக்கு வரும். பின்னாலேயே எங்களுக்கு விஞ்ஞானம் படிப்பித்த சேரின் முகமும் வரும், இன்றைக்கும் வயிறு எரியும்.

நாங்கள் பறங்கியர், போர்த்துக்கேயர் வழிவந்த கொல்லர்கள். இரும்போடு இரும்பை ஆணியில்லாமல் ஒட்டுவதில் பப்பாவுக்கு நிகர் அந்தப் பக்கத்தில் யாருமில்லை. "சூடு கூடினா சிந்திப்போகும், ஆறினா ஒட்டாது, நடுவுக்குள்ள அடிக்கோணும்" என்பார். பத்தாம் வகுப்பில் ஒரு பழைய சஞ்சிகையில் ஒரு பௌதிகவியலாளரைப் பற்றி வாசித்தேன். அணுக்கருவுக்குள் அடைபட்ட துகள் எப்படி வெளியேறுகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டிய அந்த மனிதர், பிற்பாடு அண்டத்தின் தொடக்கத்துக்கே போய்விட்டார். தாங்கமுடியாத வெக்கையாக இருந்த அண்டம் ஆறிய முதற்சில நிமிடங்களில்தான் புரோத்தனும் நியூத்திரனும் ஒட்டி ஈலியம் போன்ற இலேசான கருக்கள் உண்டாகின என்ற எண்ணத்துக்கு வழிதிறந்தவர் அவர். வெக்கை கூடினால் சேர்ந்தது பிரியும், ஆறிவிட்டால் சேரவே சேராது. பப்பாவின் வேலையேதான் என்று எனக்குப் பட்டது.

அந்த வருடம் பாடசாலைகளுக்கிடையில் விஞ்ஞானப் பேச்சுப் போட்டி; வென்றால் கொழும்புக்குப் போகலாம். சேரிடம் பேசிக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டவர், "நல்லாத்தான் இருக்கு. ஆனா கம்மாலைப் பிள்ளை மேடையில ஏறிக் கம்மாலைக் கதை சொன்னா சபை சிரிக்கும். சும்மா கிட கா பிள்ளை" என்றார். மறுகிழமை என் பேச்சை, எங்கள் வகுப்பில் படித்த ஒரு டாக்டரின் மகள் பாடமாக்கிக்கொண்டிருந்தாள். அழகுக்காகச் சேர் ஒரு வசனம் வேறு சேர்த்திருந்தார்: கம்மாலை இரும்பும் அந்த ஆதி வெக்கையிலேயே பிறந்ததாம். வெட்கத்தை விட்டுப் போய், "அது பிழை சேர், இரும்பு எவ்வளவோ பிந்தி நட்சத்திரங்களுக்குள்ள உண்டானது" என்றேன். "எனக்குப் படிப்பிக்க வாறியோ?" என்றார்.

போட்டியன்று, வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்திலிருந்து வந்த நடுவர், "இரும்பும் அப்பவே உண்டானதா? எப்படி?" என்று கேட்க, அந்தப் பிள்ளை திணறிப்போய்ச் சேரைப் பார்த்தாள். சேர், சபையில் இருந்த என்னைப் பார்த்தார். எழும்பிச் சொல்லு என்று கண்ணாலேயே கெஞ்சினார். நான் யன்னலுக்கு வெளியே வாவியில் நின்ற தோணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து யாரும் கொழும்புக்குப் போகவில்லை. அன்றைக்குச் சோறு ருசித்ததுபோல் அதற்குப்பிறகு ருசித்ததேயில்லை, பொய் சொல்லமாட்டேன்.

ஆனால் பப்பா, மகள் கொழும்புக்குப் போகிறாள் என்று வாடிக்கைக்காரருக்கெல்லாம் சொல்லிவைத்திருந்தார். சபை சிரிக்கும் என்று சேர் சொன்னதை அறிந்த பிறகு, என்னைக் கூட்டிப்போகப் பள்ளிக்கூடத்துக்கு வந்தாலும் தெருமுனையிலேயே நின்றுகொள்வார். இதைத்தான் நான் மன்னிக்கவில்லை.

இப்போது பப்பா இல்லை. கம்மாலை நின்ற இடத்தில் தொலைபேசிக் கடை. நான் அணுக்கருக் கொள்கை படிப்பிக்கிறேன். "அவளை ஆளாக்கினதே நான்தான்" என்று கலியாண வீடுகளில் சொல்லித் திரிந்த சேரும் போன மாதம் காலமாகிவிட்டார். முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு, "அப்பா உங்களுக்குச் செய்ததை ஒரு பக்கம் எழுதித் தாங்க அக்கா" என்று அவருடைய மகன் கேட்டார்.

எழுதிவிட்டேன் தம்பி, இதுதான் அது. ஒரு சொல்லும் வெட்டாமல் போடுங்கள்.