அக்கா படித்த மூன்று வருடம்

கல்லூரிக்குப் போக அக்காவுக்கு ஆவடி ஸ்டேஷனில் முதல் சீசன் டிக்கெட் எடுத்த அதே வாரத்தில்தான் எனக்கு மண்ணூர்பேட்டை கம்பெனி ஒன்றில் கேட் பாஸ் கொடுத்தார்கள். எண்பதுகளின் நடுப்பகுதி. அவள் பிளஸ் டூ முடித்திருந்தாள், தங்கையான நான் பத்தாவது. இரண்டு பேரையும் படிக்க வைக்க நைனாவால் முடியாது. பிறத்தியார் வயலில் கூலிக்குப் போய், பிறகு அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனிகளில் லோடு ஏற்ற வந்தவர் அவர். பள்ளி ஆண்டு மலரில் அக்காவின் கதை ஒன்று வந்திருந்தது. எழுத்துக்கூட்டி மட்டுமே படிக்கத் தெரிந்த நைனா, அதை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து படித்தார். “பெர்சு தமிழ் படிக்கட்டும், எய்துற கை அது. சின்னது வேலைக்குப் போவட்டும்” என்று முடித்துவிட்டார். “மூணு வருசம் படிச்சிட்டு வந்தா இன்னா கெடைக்கும்? கதை சோறு போடுமா?” என்று அம்மா கேட்டாள். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

கல்லூரிக் கட்டணம் அப்போது பெரிதில்லை. அக்கா மூன்று வருடம் சம்பாதிக்காமல் இருந்ததுதான் எங்களுக்குப் பெரிது. அந்த இடத்தை என் சம்பளம் அடைத்தது. முதலில் பேக்கிங், பிறகு பிரஸ் மிஷின். தகட்டை வைத்து, மிதித்து, எடுத்து, மறுபடி வைத்து. வீட்டுக்கு வந்தால் அக்கா பாடம் படித்துக்கொண்டிருப்பாள். அவள் படிப்பது எனக்குப் பிடிக்கும். அவள் படிப்பதைப் பார்ப்பது பிடிக்காது.

பட்டம் வாங்கிய பிறகு அவள் ஏறி இறங்கிய பத்திரிகை அலுவலகங்கள் அநேகம். கடைசியில் அம்பத்தூரில் ஒரு சிறிய அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை கிடைத்தது. கல்யாணப் பத்திரிகை, கருமாதி நோட்டீஸ், பள்ளிக் கையேடு. சம்பளம் என்னுடையதைவிடக் குறைவு. ஒருநாள் ஏதோ எரிச்சலில், “உன் படிப்புக்குத்தான் நான் மிஷின்ல நின்னுகினு கீறேன். இன்னாத்த சம்பாரிச்சே?” என்று கேட்டுவிட்டேன். அவள் எழுந்துபோய்க் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போனாள். அதன் பிறகு அவள் கதை எழுதி நான் பார்க்கவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மிஷின் என் இடது கையில் இரண்டு விரல் நுனிகளை எடுத்துவிட்டது. வேலை சீக்கிரம் ஓடட்டும் என்று பாதுகாப்புக் கம்பியைக் கழற்றிவைத்துப் பல மாதம் ஆகியிருந்தது. மூன்றாம் நாள் சூப்பர்வைசர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கையில் ஆரஞ்சுப் பழமும் டைப் அடித்த ஒரு தாளும். “ஒரு கையெழுத்து போட்டுடும்மா. கை ஆறினதும் வேலைக்கு வந்துடலாம்.” நான் பேனாவை வாங்கிவிட்டேன். அப்போதுதான் அக்கா அச்சகத்திலிருந்து நேராக வந்தாள்.

தாளை வாங்கி நின்றபடியே படித்தாள். பிறகு பென்சிலை எடுத்து, அச்சகத்தில் செய்வதுபோலவே, ஓர் இடத்தைச் சுற்றி வட்டம் போட்டாள். ‘தொழிலாளியின் கவனக்குறைவால்’ என்றிருந்தது.

“இந்த வார்த்தை தப்பு” என்றாள்.

“எழுத்துப் பிழையாம்மா?” என்று சிரித்தார் சூப்பர்வைசர்.

“எழுத்துல இல்ல சார். நடந்ததுல.”

அன்று மாலையே, என்னைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்து, தொழிலாளர் அலுவலகத்துக்கு ஐந்து பக்கத்தில் மனு எழுதினாள். கம்பி எப்போது கழற்றப்பட்டது, யார் கழற்றச் சொன்னது, மிஷின் அதற்கு முன் எத்தனை தடவை தானாக இறங்கியது, எல்லாம் அதில் இருந்தது. கம்பெனியின் பில் புத்தகங்களை அச்சடித்துக்கொண்டிருந்தது அக்காவின் முதலாளிதான். மறு மாதம் அவளை வேலையை விட்டு நிறுத்திவிட்டார். அவள் அதை என்னிடம் ஒரு வாரம் சொல்லவில்லை.

விசாரணை இரண்டு வருடம் இழுத்தது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவள்தான் என்னுடன் வந்தாள். கடைசியில் கொஞ்சம் நஷ்டஈடு வந்தது. என் வேலை போனது போனதுதான். ஆனால் உத்தரவில் ‘கவனக்குறைவு’ இல்லை. ‘பாதுகாப்புக் கம்பி அகற்றப்பட்டிருந்ததால்’ என்று இருந்தது. அக்கா அந்த வரியை எனக்கு இரண்டு முறை படித்துக் காட்டினாள். அதன் பிறகு முத்தாபுதுப்பேட்டையில் எங்கள் வீட்டிலேயே பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தாள். இன்றும் எடுக்கிறாள்.

என் மகள் பிளஸ் டூ முடித்தபோது தமிழ் எடுக்கலாமா என்று கொஞ்ச நாள் யோசித்தாள். பிறகு அவளே வணிகவியலில் சேர்ந்துவிட்டாள். நானும் தடுக்கவில்லை, அக்காவும் தடுக்கவில்லை. சேர்த்துவிட்டு வந்த அன்று, இத்தனை வருடம் சொல்லாததை அக்காவிடம் சொன்னேன். “அன்னிக்கு உன்ன அப்படிக் கேட்டிருக்கக் கூடாதுக்கா.”

அக்கா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். களைத்த முகம். கோபம் இல்லை.

“நீ கேட்டதுல இன்னா தப்பு? எனக்குத்தான் இன்னும் பதில் தெரியல. தெரிஞ்சிருந்தா மொதல்ல உன்கிட்டதான்டி சொல்லியிருப்பேன்.”