ஒற்றைக் கையில் வாங்கிய கதிர்

கோயில் பள்ளிக்கூடத்தில் எழுத்துக் கூட்டப் படித்ததோடு சரி. அதனால் உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

என் இடது கை விரல்கள் சின்னதிலேயே அடுப்புத் தீயில் வெந்து ஒன்றோடொன்று ஒட்டிப்போனவை. அப்போது எனக்குக் கல்யாணமாகாத வயது. அப்பன் படுக்கையில் கிடந்தார். உலை வைக்க என் கூலி வேண்டும். நடவுக்குக் கேட்டுப் போனால் கையைப் பார்த்ததும், "நாத்தப் பிரிக்கதுக்கே ஒனக்குப் பொழுது போயிரும், போட்டி" என்பார்கள்.

அந்த ஆவணியில், கன்னிப்பூ என்கிற முதல் போக அறுப்புக்கு அத்தை என்னைத் தன் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டாள்.

"கையைத் தோர்த்துத் துண்டுக்குள்ள வச்சுக்க மக்கா. அறுக்கும்போ யாரு பாக்கப் போறா?"

நெல்தாளை முழங்கைக்குள் அணைத்துப் பிடித்து அறுப்பேன். நான் ஒருத்திக்கும் பின்னால் விழவில்லை. அதைச் சொல்ல எனக்கென்ன கூச்சம்?

முதல் நாள் அறுப்பு முடிந்ததும் வயல்காரர் ஆளுக்கொரு பிடி புதுக்கதிர் தம் கையாலேயே கொடுப்பார். வீட்டு நிலையில் கட்டுவோம். அதை இரண்டு கையும் நீட்டி வாங்கவேண்டும். அத்தையும் இதை நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

வலது கையை மட்டும் நீட்டினேன்.

"எட்டி, ஒத்தக் கையா? நான் என்ன ஒன் வீட்டு வேலைக்காரனா?"

இடது கையைத் தோர்த்துக்குள் இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டேன். திமிர்க்காரி என்றால் காலில் விழுந்தாவது நாளைக்கு வரலாம். கை ஆகாதவள் என்றால் வரமுடியாது.

"மகாராணிக்கு மத்தக் கையில சுளுக்கு போல!" என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி. களமே சிரித்தது.

அத்தைக்குப் பொறுக்கவில்லை. "திமிரு இல்ல ஏமானே, இதப் பாருங்க" என்று என் கையை வெளியே இழுத்து எல்லோர் முன்னாலும் தூக்கிக் காட்டினாள்.

சிரிப்பு நின்றது. அவர் முகம் இளகியது. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அய்யோ பாவம். இதையா அறுக்க விட்டிய? நாளைக்கு வராண்டாம். ஒரு மரக்கால் கூடப் போட்டு அனுப்பு" என்றார், கூலி அளக்கிறவனைப் பார்த்து.

"அவ அறுத்த கட்ட ஒருக்கா பாருங்க ஏமானே" என்றாள் அத்தை. அவர் அதற்குள் என் வலது கையில் கதிரை வைத்துவிட்டு, அடுத்தவளுக்கு எடுத்துக்கொண்டிருந்தார்.

கூலிக்கு மேல் அந்தத் தரும நெல்லும் என் ஓலைக் கடவத்தில் விழுந்தது. அதைக் களத்திலேயே கொட்டிவிட்டு வந்திருக்கலாம். கொட்டவில்லை. குனிந்து, வெளியே சிதறிய மணிகளையும் கூட்டி அள்ளினேன், அந்தக் கையாலேயே.

வீட்டில் அம்மை கடவத்தை இறக்கிவிட்டாள்.

"நல்ல கனம் இருக்கே! நெறைய அறுத்தியா மக்கா?"

"ஆமா" என்றேன்.