அறுபத்துநான்கு இடத்துக்குள் ஒரு பெயர்

மெல்ரோய்க்கு யாரையும் நம்பப் பிடிக்காது. மீன்பிடித் துறைமுகத்து ஐஸ் தொழிற்சாலையில் மெஷின்களின் மின்பலகைகளைப் பழுதுபார்ப்பவர். புரோகிராம் எழுதினால் மெஷினோடு நேரே பேசும் அசெம்பிளி மொழியில்தான் எழுதுவார். மற்ற மொழிகளில் நடுவில் நிற்பவன் என்ன செய்கிறான் என்று தெரியாதாம். தேத்தண்ணிகூடத் தன் கையால் போட்டால்தான் குடிப்பார். அவருடைய மனைவியை நினைத்து நான் பல தடவை இரங்கியிருக்கிறேன்.

எங்கள் பங்குக் கோயிலில் இறந்தவர்களுக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கும்போது உபதேசியார் பெயர்களை வாசிப்பார். யாராவது ஒருவர் விடுபடுவார். பூசை முடிந்ததும் முற்றத்தில் சண்டை. இதற்கு மெல்ரோய் ஒரு வழி செய்தார். கோயில் வாசலில் ஒரு கீபோர்ட். வீட்டுக்காரரே பெயரை அடித்து எண்டரைத் தட்டினால், பூசை நேரத்தில் பீடத்துக்குப் பக்கத்து டிவியில் அது வரும். தொடக்கத்தில் புரோகிராம் அந்த எண்டரையும் ஓர் எழுத்தாக எண்ணி, ஒவ்வொரு பெயருக்குக் கீழும் வெற்று வரி விட்டது. அதைக் கழித்துவிட்டார்.

ஒரு பெயருக்கு அறுபத்துநான்கு இடம் ஒதுக்கினார். தன் பெயரை ஆங்கிலத்தில் அடித்து அளந்தார். ஆறு இடம்தான் போனது. "ஆருக்கும் இந்த இடம் காணும்" என்றார். தமிழில் ஒரு 'க' மூன்று இடம் பிடிக்கும், அதற்குப் புள்ளி வைத்தால் இன்னும் மூன்று என்பதை அந்த மகாராசன் பார்க்கவில்லை.

மாகிரட்டின் கணவர் பேணாட் கடலுக்குப் போய்த் திரும்பாமல் ஒரு வருடம். முப்பத்தோராம் நாள் பூசையில் உபதேசியார் விட்டது அவருடைய பெயரைத்தான். ஆண்டுப் பூசையிலாவது அது முழுதாக வர வேண்டும் என்பது ஒன்றுதான் அவள் ஆசை. குடும்ப வழக்கப்படி பாட்டன் பெயர், தகப்பன் பெயர், பிறகு அவர் பெயர் என்று தமிழில் அடித்தாள்: சவிரிமுத்து மரியநாயகம் பேணாட்.

தகப்பன் மரியநாயகத்தார் பூசையன்று உயிரோடு முன்வரிசை வாங்கில் இருந்தார்.

டிவியில் ஒரு வரி: சவிரிமுத்து மரியநாயகம். அடுத்த வரி: பேணாட். முதல் இரண்டு பெயரோடு அறுபத்துநான்கும் நிரம்பிவிட, மிச்சத்தைப் புரோகிராம் அடுத்த ஆளாக எடுத்துக்கொண்டது. புதிதாக வந்த பாதர், விஷயம் தெரியாமல், இறந்தவர்கள் என்று இருவருக்கும் நித்திய இளைப்பாற்றி கேட்டார். கோயிலே கிழவரைத் திரும்பிப் பார்த்தது. மாகிரட் முகத்தை மூடிக்கொண்டாள்.

பூசை முடிந்ததும் மெல்ரோய் வேர்த்து விறுவிறுத்துக் கிழவரிடம் போனார்.

"ஐயா, குறை நினைக்காதேங்கோ. நான் தமிழில அளந்து பாக்கேல்ல. இடத்தைக் கூட்டிவிடுறன். வாற ஞாயிறு பேணாட் அண்ணன்ர பேர் ஒரே வரியில முழுசா வரும்."

"ஓம் தம்பி, மாகிரட்டுக்காகச் செய்யுங்கோ." கிழவர் டிவியைப் பார்த்தபடி இருந்தார். "ஆனா இண்டைக்கு வந்ததுதான் முறை. முதல் நான், பிறகுதான் அவன்."

மாகிரட் வந்து, மாமனாரின் கையைப் பிடித்து எழுப்பி வீட்டுக்குக் கூட்டிப் போனாள்.