கியர்பாக்ஸ் கூலரோடு ஏலாக்குறிச்சி வரை

எனக்கு இடது முழங்கால் சரியாக மடங்காது, கிளட்ச் மிதிக்க முடியாது. அதனால்தான் ஒரு பழைய ஆட்டோமேட்டிக் காரை வாங்கினேன். பெரம்பலூரிலிருந்து அரியலூரில் இருக்கும் என் பள்ளிக்கு யார் கையையும் எதிர்பார்க்காமல் போய் வந்தேன். இந்தக் கோடையில் அது இரண்டு முறை என்னை நடுரோட்டில் நிறுத்தியது. சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து கியர்பாக்ஸ் கொதித்துவிட்டது.

"வித்துடலாம் ஸ்டெல்லா. நானே டெய்லி கொண்டுவந்து விடுறேன்" என்றார் என் கணவர் அருள். அன்பாகத்தான் சொன்னார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். கியர்பாக்ஸுக்கு வெளியே தனிக் கூலர் மாட்டி, ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்கு நானே ஓட்டிப் போய் வண்டியை மந்திரித்துக்கொண்டு திரும்ப வேண்டும். சூடாகி நின்றால் விற்பனைதான். தரகரிடம் வேறு பேசி வைத்திருந்தார் மனுஷன்.

சனிக்கிழமை நாலு ரோடு பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை நடந்தது. மெக்கானிக் பாரூக் லப்பைக்குடிக்காட்டுக்காரர், துபாயில் பல வருடம் இதே வேலை பார்த்தவர். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலில்தான் ஓடுகிறது, மெதுவாகப் போகப் போக அந்த ஆயில் சூடேறும். முன்கிரில்லுக்குப் பின்னால் சின்ன ரேடியேட்டர் போல ஒன்றை வைத்து, இரண்டு ஓஸில் ஆயிலை அங்கே கொண்டுபோய்க் காற்றில் ஆறவிட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள். அவ்வளவுதான் விஷயம். டேஷ்போர்டில் ஒரு வெப்ப மீட்டரும் வைத்தார். எல்லாம் சேர்த்து 13,400 ரூபாய், பாதி நாள் வேலை.

"நூறு டிகிரியத் தாண்டினா ஓரங்கட்டிடுங்கக்கா. இன்ஷா அல்லாஹ், தாண்டாது" என்றார்.

ஞாயிறு காலை ஆறரைக்குக் கிளம்பினோம். அரியலூர் வரை முப்பது கிலோமீட்டர். ஞாயிறென்று லாரிகளுக்கு யார் சொல்வது? வரிசையாக முன்னால் போய்க்கொண்டிருந்தன. மீட்டர் 86, 88, மிஞ்சிப்போனால் 91. அருள் ரோட்டையே பார்க்கவில்லை, மீட்டரைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி.

அரியலூரில் டீ குடித்தோம். டீ முடிவதற்குள் அருள் எங்கோ போய் தடியான சாமந்தி மாலை ஒன்றோடு வந்தார். "மாதாவப் பாக்கப் போற வண்டி மொட்டையாவா போகும்?" என்று முன்பக்கம் இரண்டு சுற்றாகக் கட்டினார். பக்கத்தில் நின்று போட்டோ வேறு.

கீழப்பழுவூர் தாண்டியதும் மீட்டர் 96. பிறகு 101. முன்னால் லாரிகூட இல்லை. 105 காட்டியபோது ஒரு வேப்பமரத்தடியில் ஓரங்கட்டினேன். அருள் மீட்டரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்கு அழுகை வந்தது.

ஆயில் ஒழுகுகிறதா என்று குனிந்து பார்த்தேன். ஒரு சொட்டுகூட இல்லை. பானெட்டைத் திறக்கக் கையை விட்டால் பூ, பூ, எங்கும் பூ. கிரில்லில் ஒரு விரல் நுழைய இடமில்லை. கூலருக்குக் காற்று வரும் வழியை மொத்தமாக அடைத்துவிட்டது எங்கள் பக்தி.

"என்னங்க, இந்த மாலைய அவுருங்க."

"மாதாவுக்குக் கட்டுனத வழியில அவுக்குறதா?"

"அங்க போய் மாதாவுக்கே போட்டுடலாம். இப்ப அவுருங்க."

எஞ்சினைச் சற்று ஓடவிட்டுப் புறப்பட்டோம். கொஞ்ச தூரத்திலேயே 93, பிறகு 87. மடியில் மாலையோடு கல்யாண மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்து வந்தார் அருள். கோயிலில் சாமியார் ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்து வண்டியை மந்திரித்தார், மாலை மாதாவுக்குப் போனது. திரும்பும்போது உச்சி வெயில், லாரி வரிசை. முன்பு இரண்டு முறை நின்றுபோன அந்த இடத்தில் மீட்டர் 92 காட்டியது. சத்தமாக ஹாரன் அடித்தேன், காரணமே இல்லாமல்.

இதே வேலை செய்ய நினைப்பவர்களுக்கு: ஓஸ் இணைப்புகளை முதல் நூறு கிலோமீட்டரில் ஒருமுறை பாருங்கள். இந்தப் பக்கம் சிமெண்ட் தூசி அதிகம், கூலரை மாதம் ஒருமுறை தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். வெப்ப மீட்டர் இல்லாமல் கூலர் மட்டும் மாட்டாதீர்கள், கோளாறு இருந்தால் தெரியாமலே போய்விடும். மாலை போட்டே ஆக வேண்டுமென்றால் பின்பக்கம் போடுங்கள், மாதா கோபித்துக்கொள்ள மாட்டார்.

அன்று மாலை தரகர் போன் செய்தார். அருள் என்னைப் பார்த்துக்கொண்டே பேசினார்: "இல்லங்க, விக்கல. அது அவங்க வண்டி, என்னக் கேக்காதீங்க." மறுநாள் காலை அவர் கேட்டைத் திறந்துவிட, பக்கத்து இருக்கையில் என் பையை மட்டும் வைத்துக்கொண்டு பள்ளிக்குக் கிளம்பினேன்.