நின்ற வண்டியும் நிற்காத மாதாவும்

செனோபியாவின் அண்ணன் லாரி விபத்தில் செத்தபோது, "கடவுள் சித்தம்" என்றார் பாதிரியார். லாரியின் பின்தட்டில் ஆட்களை மூட்டைபோல அடைத்தது யார் சித்தம் என்று சிறுமி செனோபியா கேட்டாள். அதற்குப் பதில் தேடித்தான் பிறகு இயற்பியல் படித்தாள். எல் ஆல்ட்டோ என்னும் மலைமேட்டு ஊரில், ஏழைப் பிள்ளைகளின் பள்ளியில் டீச்சரானாள்.

அன்று வகுப்பில் ஒரு பலகைவண்டிமேல் துணிப்பொம்மையை நிறுத்தி உருட்டிவிட்டாள். வண்டி செங்கல்லில் மோதி நின்றது. பொம்மை பறந்துபோய் முன்மேசையில் விழுந்தது. வகுப்பே சிரித்தது.

"வண்டிய செங்கல் நிறுத்திடுச்சு. பொம்மைய யாரு நிறுத்துனா?"

மாணவி நய்ரா மட்டும் சிரிக்கவில்லை. முகம் வெளுத்திருந்தது. "டீச்சர், எங்கப்பா வேன்ல என் தங்கச்சி தினமும் முன்கண்ணாடிகிட்ட நின்னுக்கிட்டுதான் வருவா."

மாலையில் செனோபியா வேன் நிறுத்தத்துக்குப் போனாள். வேனின் முன்கண்ணாடியோரம் நின்ற நய்ராவின் தங்கையை அவள் காட்டியதும் அப்பா ஃபோர்த்துனாத்தோ சிரித்தார்.

"போன வாரந்தான் கோபகபானா மாதா கோயில்ல வண்டிக்குப் பூசை போட்டு, சக்கரத்துக்கு பீர் ஊத்தி, பூ தூவி, தீர்த்தம் தெளிச்சுட்டு வந்தோம் டீச்சரம்மா. மாதா சிலையே இருக்கிற வண்டி. என் புள்ளைக்கு என்ன ஆகும்?"

"பெல்ட்டு எங்க?"

"அதெல்லாம் பணக்காரன் கார்ல."

செனோபியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பணக்காரப் பிள்ளைக்கு பெல்ட், ஏழைப் பிள்ளைக்குத் தீர்த்தமா!

"சரி, சின்னவ இறங்கட்டும். அவ நிக்கிற எடத்துல பெட்டிய அடுக்கி மாதாவ வைங்க. கொஞ்சம் ஓட்டி, சட்டுன்னு பிரேக் அடிங்க."

"அடிச்சாப் போச்சு. மாதா அசையமாட்டா!"

"இன்னிக்கு டீச்சருக்கு மாதாவே பாடம் எடுப்பா!" என்று சோளம் விற்பவள் கத்தினாள். கூட்டம் கைதட்டியது.

வேன் சைக்கிள் வேகத்தில்தான் போனது. பிரேக் விழுந்தது. சுதைச்சிலை பறந்து கண்ணாடியில் மோதியது. மாதாவின் தலை உடைந்து உருண்டது. கண்ணாடி விரிசல் விட்டது.

கூட்டத்தில் கூச்சல் கிளம்பியது. "பாவி! மாதாவ உடைச்சுட்டாளே!"

செனோபியாவும் இதை எதிர்பார்க்கவில்லை. இவ்வளவு மெதுவாகப் போன வண்டியிலா?

ஃபோர்த்துனாத்தோ கூச்சல் எதையும் கேட்கவில்லை. விரிசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அது சின்னவளின் நெற்றி உயரத்தில் இருந்தது.

இறங்கிவந்து அவளைத் தூக்கினார். பின்னிருக்கையில் உட்காரவைத்து, மூட்டை கட்டும் வண்ணத்துணியால் இருக்கையோடு சேர்த்துக் கட்டினார்.

"இறுக்குதுப்பா."

"இருக்கட்டும்டி."

முடிச்சைப் பிடித்தபடியே டீச்சரைத் திரும்பிப் பார்த்தார். "இது தாங்குமா?"