மச்சான் பக்கம்

புதுமடம் கடற்கரையில் விடிந்ததிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன். நண்டுவலை எடுக்கப் போகும்போது கூட்டிப்போவதாகச் சொன்ன சீனி, மணலில் கவிழ்த்துப் போட்ட சின்ன ஃபைபர் படகின் அடியில் கொட்டலசு சுரண்டிக்கொண்டிருக்கிறார். சுண்ணாம்புப் பொருக்கு மாதிரி ஒட்டி வளரும் அந்தச் சிப்பிகளோடு படகு நகராது, டீசலைத்தான் குடிக்கும்.

வலப்பக்கம் வழவழவென்று ஆகிவிட்டது. இடப்பக்கத்தை அவர் தொடவே இல்லை. சுரண்டும் தகட்டை மணலில் குத்திவிட்டு பீடி பற்றவைக்கிறார்.

"அந்தப் பக்கம்?"

"அது எம் மச்சான் பங்கு. போட்டு ரெண்டு பேருக்கும் பொது. அவரு வந்து சுரண்டட்டும். போன தடவை முழுசும் நாந்தேன் பாத்தேன்."

"போன் பண்ணிக் கூப்பிடுங்களேன்."

"அவருகூட எனக்குப் பேச்சு இல்ல."

வலை நேற்றே கடலில் போட்டது. இன்னும் தாமதித்தால் சிக்கிய நண்டுகளை எட்டுக்கால் பேய்க்கணவாய் தின்று வெறும் ஓடுகளை மட்டும் மிச்சம் வைக்கும். பொறுக்க முடியாமல் தகட்டைப் பிடுங்கி இடப்பக்கத்தை நானே சுரண்டுகிறேன். பெயிண்ட் நீளமாகப் பெயர்ந்து வருகிறது.

"யாருய்யா அது, நம்ம போட்டக் கீறுறது?" மச்சான்தான், ஓடி வருகிறார்.

சீனி எழுந்துவிட்டார். "நான் சொல்லச் சொல்லக் கேக்கல மச்சான். டவுன்காரவுக."

"இந்தா, இங்கன பாரு மச்சான், எப்புடிக் கெடுத்துருக்காருன்னு!" மச்சான் சீனிக்குக் கீறலைக் காட்டுகிறார்.

என்னைத் திட்டிக்கொண்டே இருவரும் சேர்ந்து மீதியைச் சுரண்டி முடிக்கிறார்கள். படகைப் புரட்டவும் தண்ணீருக்குத் தள்ளவும் நான் வேண்டியிருக்கிறது. செருப்பைக் கழற்றிப் படகுக்குள் போட்டுவிட்டுத் தள்ளுகிறேன். எஞ்சின் பிடித்ததும் இருவரும் ஏறிப் போய்விடுகிறார்கள்.

முழங்கால் தண்ணீரில் நிற்கிறேன், செருப்பும் இல்லாமல். அது படகில் போகிறது.