நூற்று எழுபத்து நான்கு மீட்டர்

நஞ்சுண்டன், கோட்டைமேட்டில் கடை வைத்திருந்த அமீர் ஹம்சா பாய்க்குப் பதினேழாயிரத்து அறுநூறு ரூபாய் கடன்பட்டிருந்தான். கேபிள் சுருள், பதினொரு நெட்வொர்க் கார்டு, கனெக்டர்கள் எல்லாம் பாய் தன் பெயரில் சென்னையிலிருந்து வரவழைத்துக் கொடுத்தவை. அதற்கு அவர் எழுதிக் கொடுத்த செக் சனிக்கிழமை பாங்குக்கு வருகிறது. வெள்ளிக்கிழமைக்குள் நஞ்சுண்டன் பணம் கொடுக்காவிட்டால் செக் திரும்பும். அவருடைய முப்பது வருஷக் கடையின் பெயரும் கூடவே போகும்.

நஞ்சுண்டன் தாராபுரத்துக்காரன். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. பதிமூன்று வயதில் கணபதிப் பகுதிக்கு வந்து மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டக் கற்று, முப்பதில் சொந்தப் பட்டறை போட்டவன். ஓடும் சத்தத்தை வைத்தே எந்த மோட்டார் எப்போது புகையும் என்று சொல்லிவிடுவான். இதில் ஒரு சொல்கூட மிகையில்லை. தொண்ணூற்றாறில் கம்ப்யூட்டர்களைக் கம்பியால் இணைக்கும் வேலை ஊருக்குள் வந்தபோது, டை கட்டிய கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் அது தங்களுக்கென்றே வந்தது என்று நினைத்தார்கள். “கம்பி வேலைதானுங்களே, நம்ம செய்யறதுங்க” என்று நஞ்சுண்டன் உள்ளே நுழைந்துவிட்டான்.

உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் திருமலைசாமி என்பவரின் நூல் மில்லில் அவனுக்கு வேலை கிடைத்தது. ஆபீஸ், குடோன், எடைமேடை என்று பதினொரு கம்ப்யூட்டர். ஒரே கேபிள் முதல் மேஜையில் தொடங்கி ஒவ்வொன்றாகத் தொட்டுக் கடைசி மேஜையில் முடிய வேண்டும். நூற்று எண்பத்தைந்து மீட்டரைத் தாண்டக்கூடாது. முன்னால் வந்துபோன டை கட்டியவர்கள் சுவரோரம் டேப்பை இழுத்து நூற்று மூன்று மீட்டர் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். நஞ்சுண்டன் சிரித்தான். சுவரின் உயரத்தில் ஓடும் கம்பி மேஜைக்கு இறங்க வேண்டாமா? இறங்கியது மறுபடி ஏற வேண்டாமா? முதல் மேஜைக்கும் கடைசி மேஜைக்கும் ஒரு தடவை, நடுவில் உள்ள ஒன்பதுக்கும் இரண்டு தடவை, ஆக இருபது. தடவைக்கு மூன்று மீட்டர். மேஜையை நகர்த்தினால் இழுபடாதிருக்க மேஜைக்கு ஒரு மீட்டர் தளர்வு. காலண்டர் தாளின் பின்புறம் அந்த நூற்று மூன்றோடு கூட்டிப் பார்த்தான்: நூற்று எழுபத்து நான்கு. பத்தே நாளில் வேலை முடிந்து கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேச ஆரம்பித்தன. ஆயுத பூஜை கழிந்ததும் முழுப்பணம் என்றார் திருமலைசாமி.

பூஜை கழிந்தது. வியாழக்கிழமை காலையில் பட்டறைக்குத் திருமலைசாமியின் போன் வந்தது.

“ஏனுங்க நஞ்சுண்டன், ஒண்ணுமே வேலை செய்யலைங்க. பதினொண்ணும் படுத்துக்கிச்சு. பணத்தைப் பத்தி அப்புறம் பேசிக்கலாங்க.”

உடுமலை பஸ்ஸில் இரண்டு மணி நேரம் அந்தக் காலண்டர் தாளை நஞ்சுண்டன் எட்டுத் தடவை கூட்டினான். குடோனுக்கு ஏறும் கம்பியை விட்டுவிட்டோமோ? அது தப்பென்றால் கேபிள் முழுவதையும் தன் செலவில் பிரித்துப் போட வேண்டும். பாய்க்கு என்ன பதில் சொல்வது?

மில்லில் திருமலைசாமியோடு அவருடைய அக்கா மகன் கிருபாசங்கர் காத்திருந்தான். கம்ப்யூட்டர் படித்தவன்.

“நான் அன்னைக்கே சொன்னேனுங்க மாமா. நீளம் ஏறிப்போச்சு. மோட்டார் கட்டறவருக்கு இதெல்லாம் எங்கீங்க தெரியும்?”

“நீளம் ஏறியிருந்தா மொத நாளே முரண்டு பண்ணியிருக்கும் தம்பி. பத்து நாள் ஓடிப்போட்டு இன்னைக்கா நீளும்? கேபிள் என்ன பொடலங்காயா?” என்றான் நஞ்சுண்டன்.

எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லிவிட்டு, நடு மேஜையில் கம்ப்யூட்டரிலிருந்து கம்பியைக் கழற்றி, மின்தடை அளக்கும் மீட்டரை வைத்தான். கேபிளின் இரண்டு நுனியிலும் கட்டைவிரல் நகமளவில் ஒரு மூடி உண்டு. அது வெறும் மூடியல்ல. உள்ளே ஐம்பது ஓம் மின்தடை இருக்கிறது. அது இல்லாவிட்டால் கம்பியில் போகும் சேதி நுனியில் முட்டித் திரும்பி வந்து, பின்னால் வருவதைக் குழப்பிவிடும். இரண்டு மூடியும் இரு பக்கமும் இருந்தால் தடை பாதியாகி மீட்டர் இருபத்தைந்து காட்ட வேண்டும். ஐம்பது காட்டியது.

நஞ்சுண்டனுக்கு மூச்சு வந்தது. “ஒரு பக்கம் கம்பி அறுந்திருக்கோணும், இல்லீன்னா ஒரு மூடி போயிருக்கோணும். நீளத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைங்க.”

குடோன் நுனிக்கு நடந்தான். மூடி இருந்தது. திரும்பி வந்து, மறு நுனியான கணக்கர் சாந்தாமணியின் மேஜைக்கடியில் குனிந்தான். நுனி வாய் பிளந்து நின்றது. அதன் விளிம்பில் அழகாக ஒரு சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம்.

“அம்மணி, இங்கிருந்த மூடி எங்கீங்க?”

சாந்தாமணி கணக்குப் புத்தகத்தை மூடினார். “பூசைல வெச்சனுங்க. எல்லாரும் ஸ்பானரு, கத்திரி, தராசுக்கல்லுன்னு கொண்டாந்து வெச்சாங்க. நான் கம்ப்யூட்டரைத் தூக்கிட்டா போக முடியும்? கையில கழண்டு வந்தது அது ஒண்ணுதானுங்க.”

“அப்புறம் எடுத்து மாட்டலீங்களா?”

“தூசி அடையாம இருக்கற மூடிதானேன்னு இருந்துட்டனுங்க. ஏனுங்க, அதுக்கா இத்தனை மரியாதை?”

கிருபாசங்கர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். திருமலைசாமி தோளிலிருந்த துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

பூஜை அறையில் எலுமிச்சம்பழத்துக்கும் பொரி மூட்டைக்கும் நடுவே அந்த மூடி சந்தனம் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நஞ்சுண்டன் வேட்டி முனையால் உள்ளும் புறமும் துடைத்து, நுனியையும் துடைத்து மாட்டினான். மீட்டர் இருபத்தைந்து காட்டியது. கம்ப்யூட்டர்களை ஓடவிட்டதும், எடைமேடையில் நின்ற லாரியின் எடை சாந்தாமணியின் திரையில் வந்து விழுந்தது.

“மாப்ளே, நீளத்தை அளக்கறதுக்கு முன்னால நுனியைப் பாக்கோணுமாட்ட இருக்குது” என்று திருமலைசாமி அக்கா மகனைச் சீண்டினார். பிறகு, “அம்மணி, நஞ்சுண்டனுக்குப் பைசா பாக்கி வெக்காமக் குடுத்துப்போடுங்க” என்றார். மோட்டார் கட்டுபவனுக்கு அன்று காப்பியோடு கைமுறுக்கும் வந்தது. கிருபாசங்கரே கொண்டுவந்து வைத்து, “அந்த மீட்டர்ல பாத்த கணக்கை எனக்கும் சொல்லுங்கண்ணா” என்றான்.

மறுநாள் காலை பத்து மணிக்கு நஞ்சுண்டன் கோட்டைமேட்டுக் கடைப் படியேறினான். அமீர் ஹம்சா கல்லாவில் உட்கார்ந்தபடி அவன் முகத்தையே பார்த்தார்.

“என்னப்பா, உசிரைக் குடுக்க வந்தியா, வாங்க வந்தியா?”

“கையை நீட்டுங்க பாய்.”

பாய் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வலது கையை விரித்தார். நஞ்சுண்டன் மடிக்கட்டை அவிழ்த்து, ஒவ்வொரு நூறு ரூபாய் நோட்டாக வாய்விட்டு எண்ணி அந்தக் கையில் வைத்தான். நூற்று எழுபத்தாறாவது நோட்டோடு கடன் தீர்ந்ததும் பாய் விரல்களை மூடினார்.